டெல்ஃப்ட் நகரில் விழுந்த இரண்டு ஈயக் குண்டுகள்

நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்தவர்கள் ஒல்லாந்தர். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள், எமது தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்கள். வேலணைத்தீவு லைடன் ஆனது, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரியும். ஆனால் விஞ்ஞான பாடத்தில் அவர்கள் மனனம் செய்யும் ஓர் உண்மை முதன்முதலாக ஒழுங்காகச் சோதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று அந்த டெல்ஃப்ட் நகரம் என்பதை நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. அதைச் செய்தவர் சைமன் ஸ்டெவின்.

ஸ்டெவின் 1548இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில் பிறந்தார். தாயும் தந்தையும் மணமுடித்தவர்கள் அல்லர். அந்தக் காலத்தில் அது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய சுமை என்று சொல்லத் தேவையில்லை. அன்ட்வேர்ப்பில் வணிகர்களிடம் கணக்கெழுதினார். பிறகு ஊரில் வரி அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. 1581இல் லைடனுக்குப் போனார். 1583இல், 35 வயதில், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிந்தார். வயது போய்விட்டது, இனி என்ன படிப்பு என்று சொல்லும் எமது இளைஞர்களை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

1585இல் பத்தாம்பாகம் பற்றி ஒரு சிறிய நூலை வெளியிட்டார். தசமப் பின்னங்களை ஐரோப்பாவில் பரவச் செய்தது அதுதான். இங்கே எம்மவர்கள் சிலர் உடனே எழுந்து நிற்பார்கள். உண்மைதான், 10ஆம் நூற்றாண்டில் திமிஷ்கில் அல்-உக்லீதிஸியும், 1427இல் சமர்கந்தில் அல்-காஷியும் தசமப் பின்னங்களைக் கையாண்டார்கள். அதில் பெருமைப்படலாம். ஆனால் ஸ்டெவின் யாருக்காக எழுதினார் என்றும் பார்க்க வேண்டும். நில அளவையாளர், துணி அளப்பவர், நாணயம் அடிப்பவர், வியாபாரி ஆகியோரை முன்னால் வைத்தே அந்த நூலை எழுதினார். அறிவு கடைத்தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

1586இல் வெளிவந்த அவருடைய நூல் ஒன்றில்தான் ஈயக் குண்டுகளின் கதை வருகிறது. நண்பர் ஜான் கோர்னெட்ஸ் த குரோட், பின்னாளில் டெல்ஃப்டின் நகரபிதா ஆனவர், கூட இருந்தார். ஒரு குண்டு மற்றதைப் போல் பத்து மடங்கு பருமனும் பாரமும் கொண்டது. இரண்டையும் 30 அடி உயரத்திலிருந்து ஒரேநேரத்தில் கைவிட்டார்கள். டெல்ஃப்டின் தேவாலயக் கோபுரத்திலிருந்து என்பது வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி.

கீழே ஒரு பலகை. இதில்தான் ஸ்டெவினின் கெட்டித்தனம் இருக்கிறது. செக்கனைக் காட்டும் நல்ல மணிக்கூடு அன்று இல்லை, விழுவதற்கோ ஒன்றரைச் செக்கன் கூட ஆகாது. கண்ணை நம்பாமல் காதை நம்பினார். பாரம் பத்து மடங்கானால் வேகமும் பத்து மடங்கு என்ற அரிஸ்டோட்டிலின் வழிக் கணக்குச் சரியானால், பெரிய குண்டு பலகையில் மோதும்போது சின்னது 3 அடிதான் இறங்கியிருக்க வேண்டும். கேட்டதோ ஒரே சத்தம்.

ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஜோன் பிலோபொனஸ் இதையே எழுதியிருந்தார். கலிலியோ 1586இல் 22 வயது இளைஞர். பைசா கோபுரக் கதை அவருடைய மாணவர் விவியானி பின்னர் எழுதியது. ஆனாலும் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது கலிலியோவைத்தான்.

ஏன் ஒரேநேரத்தில் விழுகின்றன? அந்தக் காரணத்தை நியூட்டனின் 1687ஆம் ஆண்டு நூல்தான் தெளிவாக்கியது. பத்து மடங்கு திணிவுள்ள குண்டைப் பூமி பத்து மடங்கு விசையுடன் இழுக்கிறது. ஆனால் அதை அசைப்பதும் பத்து மடங்கு கடினம். சாமான் ஏற்றிய கைவண்டியையும் வெறும் வண்டியையும் தள்ளிப் பார்த்தவருக்கு இது விளங்கும். இழுவை கூடிய அளவுக்கே தயக்கமும் கூடுவதால் ஆர்முடுகல் இரண்டுக்கும் ஒன்றே. காற்று குறுக்கிட்டால் மட்டும் கணக்கு மாறும். கொப்பியையும் ஒரு கடதாசியையும் தனித்தனியே போட்டால் கடதாசி பிந்தும். கடதாசியைக் கொப்பியின் மேல் ஒட்டாமல் வைத்துப் போடுங்கள், இரண்டும் சேர்ந்தே விழும். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஆனாலும் பல வகுப்புகளில் குறிப்புச் சொல்லி எழுதவைப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. புள்ளியும் கிடைக்கிறது, பிள்ளை பெரிய கல்தான் முதலில் விழும் என்று நம்பிக்கொண்டே வீடு போகிறது.

ஸ்டெவின் இலத்தீனை விட்டுத் தன் தாய்மொழியான டச்சில் எழுதினார். கணிதத்துக்கு டச்சில் இன்றும் வழங்கும் சொல் அவர் ஆக்கியதிலிருந்து வந்தது. 1600இல் லைடனில் பொறியியல் பாடசாலைக்குப் பாடத்திட்டம் வகுத்தபோது, கற்பித்தல் டச்சு மொழியிலேயே நடந்தது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்து, கலைச்சொற்களும் ஆக்கியதை யாழ்ப்பாணத்தவர் மறக்கக்கூடாது. நாம் திணிவு, நிறை என்பதைத் தமிழகத்தில் நிறை, எடை என்கிறார்கள். இணையத்தில் தமிழகக் காணொளி பார்க்கும் எமது பிள்ளை குழம்புவது அதனால்தான். அதற்குத் தீர்வு ஆங்கிலமூலம் என்று ஓடும் பெற்றோரோடு எனக்கு உடன்பாடில்லை.

இருந்தாலும் தாய்மொழியில் எழுதியதற்கு ஸ்டெவின் விலை கொடுத்தார். டச்சு தெரியாதவர்களால் அவரை மூலமொழியில் படிக்க முடியவில்லை. அவருடைய பெரிய கணிதத் தொகுப்பை ஸ்னெல் என்ற இளம் அறிஞர் பின்னர் இலத்தீனில் பெயர்த்தார். எழுதுவதும் பெயர்ப்பதும் இரண்டும் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

இளவரசர் மோரிஸுக்கு ஆசிரியராகவும் ஆலோசகராகவும் இருந்தார் ஸ்டெவின். அவருக்காகப் பாய் கட்டிய ஒரு வண்டி செய்து, கடற்கரை மணலில் குதிரையை முந்தி ஓடவிட்டார். அதில் பயணித்தவர்களில் ஒருவர் த குரோட்டின் மகன் ஹியூகோ, குண்டு விழுந்த காலத்தில் மூன்று வயதுக் குழந்தை. 1609இல் அவர் கடல் எவருக்கும் சொந்தமில்லை என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். அந்த வாதம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக எழுதப்பட்டது. அதே கம்பனி பின்னர் இலங்கையின் கறுவா வியாபாரத்தை வேறு எவரும் தொடாதபடி பூட்டி வைத்தது.

ஸ்டெவின் பிந்தித்தான் மணமுடித்தார். நான்கு பிள்ளைகள். 1620இல் அவர் இறந்தபோது அச்சேறாத கையெழுத்துப் பிரதிகள் பல கிடந்தன. மகன் ஹென்ட்ரிக் அவற்றில் சிலவற்றைத் தேடி எடுத்து வெளியிட்டார்.