மூளைக்கு அடியில் வழி தேடியவர்: டாக்டர் பி. ராமமூர்த்தி

தலைவலி, பார்வை மங்கல் என்றால் இன்று நம் குரும்பலூர்க்காரர்கள் திருச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு அன்றே திரும்பிவிடலாம். 1950-ல் சென்னையில்கூட அந்த வசதி கிடையாது. அந்த நாளில் மூளை அறுவை சிகிச்சையைச் சென்னையில் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி.

1922 ஜனவரி 30 அன்று சீர்காழியில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். எடின்பரோவில் எஃப்.ஆர்.சி.எஸ். பெற்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவை சிகிச்சை பயின்றார். 1950 அக்டோபரில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதற்கான பிரிவைத் தொடங்கினார். வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியிருந்தார்.

உலகில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுத்ததே 1971-ல்தான். அதற்கு முன், மூளைக்குள் இருக்கும் நீருக்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் தெரியும் நிழலை வைத்தே கட்டி இருக்கும் இடத்தைக் கணிப்பார்கள்.

மண்டையோட்டின் அடித்தளத்தில் கட்டி என்றால் சிரமம் இன்னும் அதிகம். மேலே மூளை, சுற்றிலும் பார்வை நரம்பு, செவி நரம்பு, பெரிய ரத்தக்குழாய்கள். இவற்றில் எதையும் காயப்படுத்தாமல் கட்டியை அடைய வேண்டும். முன்பக்கக் கட்டி என்றால் நெற்றிப் பக்கம் திறந்து, மூளையை மெல்ல உயர்த்திப் போவார்கள். செவி நரம்புக் கட்டிக்குக் காதுக்குப் பின்னால் திறப்பார்கள். பிட்யூட்டரி சுரப்பிக் கட்டிகள் பலவற்றை இன்று எண்டோஸ்கோப் கொண்டு மூக்கு வழியாகவே எடுத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு பெரிய வேலைக்குத் தன் இரண்டு கை போதாது என்பது ராமமூர்த்திக்குத் தெரிந்திருந்தது. 1951-ல் ஜேக்கப் சாண்டி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணரான டாக்டர் டி.எஸ். கனகா அவருடைய குழுவில் பணியாற்றியவர். பி.என். டாண்டனுடன் சேர்ந்து அவர் தொகுத்த பாடநூல் 1980-ல் வந்தது. பின்னாளில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் நரம்பு அறுவை சிகிச்சை மையத்தை உருவாக்கினார். 2003 டிசம்பர் 13 அன்று மறைந்தார்.

நம் குடியிருப்பில் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு காது மட்டும் மெல்ல மெல்லக் கேட்காமல் போவதும், பக்கவாட்டுப் பார்வை குறைவதும் வயசுக் கோளாறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இத்தகைய கட்டிகளில் பல புற்றுநோய் அல்ல. சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பார்வையையும் செவியையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.