சீட்டாட்டத்தில் பிறந்த ஐடியா, சிப் தொழிற்சாலைக்குள் நுழைந்த கதை! யார் இந்த ஸ்டானிஸ்லாவ் உலாம்?

உங்க ஸ்மார்ட்போனுக்குள் இருக்கும் சிப், தொழிற்சாலையில் பல நூறு படிகளைத் தாண்டி வருகிறது. ஒரு சிலிக்கான் வேஃபர் உள்ளே போய் முழு சிப்பாக வெளியே வர சில மாதங்கள் ஆகலாம். நடுவில் ஒரு படியில் தப்பு நடந்தால், பல நேரம் கடைசியில்தான் தெரியும். அதுவரை போட்ட பணமும் நேரமும் காலி. அதனால்தான் புது செய்முறையை மெஷினில் போடும் முன், கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

அப்படி ஓட்டிப் பார்க்கும் முக்கியமான வழிகளில் ஒன்று, 1946-ல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒருவருக்குத் தனியாகச் சீட்டு ஆடும்போது தோன்றியது. அவர்தான் கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம்.

காபி கடையில் கணக்கு

உலாம் பிறந்தது 1909-ல், இன்றைய உக்ரைனில் உள்ள லிவிவ் நகரில். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்தது. பிறகு போலந்துக்குப் போனது. அந்த ஊர் கணித வல்லுநர்கள் ஒரு காபி கடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து கணக்குகளை அலசுவார்கள். இளைஞர் உலாமும் அந்த செட்டில் ஒருவர். 1933-ல் டாக்டர் பட்டம். அடுத்த சில ஆண்டுகளில் ஜான் வான் நியூமேனின் அழைப்பில் அமெரிக்கா போனார்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், 1939 ஆகஸ்ட்டில் தம்பி ஆடமுடன் மீண்டும் கப்பல் ஏறினார். செப்டம்பர் 1-ம் தேதி ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. ஊரில் இருந்த அப்பா, சகோதரி உட்படப் பலர் யூத இனப்படுகொலையில் கொல்லப்பட்டனர். போர்க்காலத்தில் உலாம், அணுகுண்டு ஆய்வு நடந்த லாஸ் அலமோஸில் வேலைக்குச் சேர்ந்தார்.

13-ம் 8-ம் எத்தனை?

போர் முடிந்து லாஸ் ஏஞ்சல்ஸில் பேராசிரியராக இருந்தபோது, 1946 ஜனவரியில் கடுமையான தலைவலி வந்தது. பேச்சும் தடுமாறியது. மூளை வீக்கம். அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள்.

கண் விழித்தவரிடம் மருத்துவர் 13-ம் 8-ம் கூட்டினால் எத்தனை என்று கேட்டார். இதைப் போய் ஒரு கணிதப் பேராசிரியரிடம் கேட்கிறாரே என்ற கூச்சத்தில் உலாம் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்து 20-ன் வர்க்கமூலம் கேட்டதும், சுமார் 4.4 என்று சரியாகச் சொன்னார். ஆனாலும் மூளை பழையபடி வேலை செய்யுமா என்ற பயம் போகவில்லை. நண்பரும் கணித மேதையுமான பால் எர்டிஷுடன் செஸ் ஆடி ஜெயித்த பிறகுதான் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஆடிப் பார்த்துவிட்டால் போச்சு!

ஓய்வில் இருந்தபோது சொலிட்டேர் ஆடினார். ஓர் ஆட்டம் முழுசாக முடிய எவ்வளவு வாய்ப்பு என்று யோசித்தார். 52 சீட்டு எத்தனை விதமாக அமையலாம் என்று சூத்திரம் போட்டுப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. சரி, 100 முறை ஆடி, எத்தனை முறை முடிந்தது என்று எண்ணிவிட்டால் போதாதா?

துல்லியம் கூட வேண்டுமென்றால் இன்னும் நிறைய ஆட வேண்டும். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்டம் தேவை. மனுஷனால் முடியாது, ஆனால் அப்போதுதான் வந்திருந்த எனியாக் கம்ப்யூட்டரால் முடியும். அணுகுண்டுக்குள் நியூட்ரான் எங்கே மோதும், எப்போது நிற்கும் என்பதும் ஒருவகை சீட்டாட்டம்தானே? உலாம் இதை வான் நியூமேனிடம் சொல்ல, அவர் 1947-ல் விரிவான திட்டம் எழுதினார். 1948-ல் எனியாக்கில் கணக்கு ஓடியது. சூதாட்டத்துக்குப் பேர்போன ஊரின் பெயரை நிக்கோலஸ் மெட்ரோபோலிஸ் சூட்டினார்: மான்டே கார்லோ முறை.

இதுக்கும் சிப்புக்கும் என்ன சம்பந்தம்?

சிலிக்கான் தானாகப் பெரிதாக மின்சாரம் கடத்தாது. போரான், பாஸ்பரஸ் போன்ற அணுக்களை அயனியாக்கி, வேகமாக வேஃபருக்குள் சுட வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு லட்சம் கோடிக் கணக்கில் உள்ளே போகும். ஒவ்வொன்றும் சிலிக்கான் அணுக்களில் மோதி, திரும்பி, வேகம் இழந்து எங்கோ நிற்கும். ஆழம் தப்பினால் டிரான்சிஸ்டர் சரியாக வேலை செய்யாது.

இங்கேதான் உலாமின் சீட்டாட்டம் வருகிறது. கம்ப்யூட்டர் ஓர் அயனியை எடுத்து, அடுத்த அணுவுக்கு எவ்வளவு பக்கத்தில் போகும் என்பதை ஒரு சீட்டை உருவுவது போலத் தேர்வு செய்யும். எவ்வளவு திரும்பும், எவ்வளவு ஆற்றல் இழக்கும் என்று கணக்கிடும். நிற்கும்வரை இதே கதை. இப்படி ஆயிரக்கணக்கான அயனிகளைத் தொடர்ந்தால், எந்த ஆழத்தில் எத்தனை நிற்கும் என்ற படம் கிடைத்துவிடும். 1980-ல் வெளியான ட்ரிம் என்ற மென்பொருள் இதைச் செய்தது.

சிலிக்கான் அணுக்களின் வரிசைகளுக்கு நடுவே சந்து போல இடைவெளி உண்டு. அயனி அதில் நேராகப் புகுந்தால் தேவைக்கு மேல் ஆழமாகப் போய்விடும். அதைத் தவிர்க்க வேஃபரைச் சுமார் 7 டிகிரி சாய்ப்பது வழக்கம். புது செய்முறைக்கு எந்தக் கோணம், எவ்வளவு ஆற்றல் சரி என்பதை ஒரு வேஃபரைக்கூட வீணாக்காமல் திரையிலேயே மாற்றிப் பார்க்கலாம். ஆனால், கடைசியில் நிஜ வேஃபரை அளந்து ஒப்பிட்டே ஆக வேண்டும். கொடுக்கிற தகவல் தப்பானால் விடையும் தப்புதான்.

நடக்காது என்று சொன்ன கணக்கு

செய்யும் முன்பே கணக்குப் போட்டுப் பார்ப்பதன் மதிப்பு உலாமுக்கு வேறொரு இடத்திலும் தெரிந்தது. 1950-ல் அவரும் கொர்னீலியஸ் எவரெட்டும் கையால் போட்ட கணக்கு, எட்வர்ட் டெல்லரின் ஹைட்ரஜன் குண்டு வடிவம் வேலை செய்யாது என்று காட்டியது. டெல்லருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கணக்கு சரி. நெருடலான விஷயம், அடுத்த ஆண்டே வேலை செய்யும் வடிவத்துக்கு வழி காட்டியவர்களில் உலாமும் ஒருவர். 1952-ல் அது வெடித்துச் சோதிக்கப்பட்டது.

குண்டுக்காக வளர்ந்த அதே முறைதான் இன்று சிப் பொறியாளர்களுக்கு உதவுகிறது. எது சரிப்படும் என்பதைவிட, எது சரிப்படாது என்று முன்கூட்டியே சொல்வதுதான் அதன் பெரிய லாபம். உலாம் 1984-ல் சான்டா ஃபேயில் காலமானார். மூளை இனி ஓடுமா என்று அவர் பயந்த நாட்களில் வந்த ஐடியா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.