பறங்கி நோயின் கிருமியைக் கண்ட கஸ்டெலானி

பொரளையில் அமைந்துள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திற்கு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நோயாளரின் இரத்த மாதிரிகள் செல்வது வழமை. நூறாண்டுகளுக்கு முன்னர் இந்நகரில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான அல்டோ கஸ்டெலானியை நினைவுகூர்வோர் இன்று அருகிவிட்டனர்.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1874இல் பிறந்த அவர், 1902இல் உறக்க நோயை ஆராய உகண்டாவுக்கு அனுப்பப்பட்டார். நோயாளரின் முள்ளந்தண்டு நீரில் ட்ரிப்பனோசோம் என்னும் ஒட்டுண்ணியைக் கண்டவர் அவரே. ஆயினும் வேறொரு கிருமியே காரணம் என அவர் முதலில் கருதியிருந்தமையால், அப்பெருமை அவருக்குரியதா, பின்னர் வந்த டேவிட் புரூஸுக்குரியதா என்ற சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது.

1903இல் இலங்கை அரசின் நுண்ணுயிரியலாளராகக் கொழும்பு வந்த அவர், 1915 வரை இங்கு பணியாற்றினார். அக்காலத்தில் வறண்ட வலயக் கிராமங்களைப் பறங்கி நோய் வாட்டி வந்தது. போர்த்துக்கேயரே கொண்டுவந்தனர் என்ற நம்பிக்கையை அதன் பெயரே சொல்லும். சிறுவரின் தோலில் புண்ணாகத் தோன்றி, எலும்பையும் உருக்குலைக்கும் நோய் அது. 1905இல் அப்புண்களின் நீரை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த கஸ்டெலானி, சுருள் வடிவக் கிருமியொன்றைக் கண்டார். கிரந்தி நோயின் கிருமியை ஜெர்மனியில் ஷௌடினும் ஹொப்மனும் கண்டறிந்ததும் அதே ஆண்டிலேயாம். இரண்டும் தோற்றத்தில் பிரித்தறிய முடியாதவை. எனினும் பறங்கி நோய் பாலுறவால் பரவுவதன்று. தோலோடு தோல் படுவதால் குழந்தைகளிடையே தொற்றுவது.

இதற்கு முன்னர் யாவாவில் சார்லூயிஸ் என்னும் வைத்தியர், இந்நோய் இல்லாத 32 சீனக் கைதிகளின் உடலில் நோய்ப்புண்ணின் நீரை ஏற்றிச் சோதித்து, அதனை 1881இல் பெருமையுடன் வெளியிட்டிருந்தார். அவர்களுள் பெரும்பாலானோரை நோய் பற்றியது. கஸ்டெலானி குரங்குகளில் இச்சோதனையைச் செய்தார் என்பது ஓரளவு ஆறுதல். எனினும் அவருக்குப் புண்ணின் நீரைக் கொடுத்த கிராமத்தவரின் பெயர்கள் மருத்துவ நூல்களில் இடம்பெறவில்லை. கிருமிக்கும் பூச்சு மருந்துக்கும் வைத்தியரின் பெயர் நிலைத்துவிட்டது.

கொப்பரா ஆலைத் தொழிலாளரின் தோல் அரிப்புக்கு நுண்ணிய உண்ணியொன்றே காரணம் என்பதையும் அவர் இங்கேதான் கண்டறிந்தார். தேயிலை சுவைபார்ப்போரின் இருமலையும் ஆராய்ந்தார். நெருப்புக் காய்ச்சலுக்கும் அதனையொத்த பரடைபொயிட் காய்ச்சல்களுக்கும் ஒரே தடுப்பூசி என்ற முயற்சியிலும் அவருக்கு முக்கிய பங்குண்டு. சால்மர்ஸுடன் இணைந்து அவர் எழுதிய வெப்பவலய மருத்துவக் கைநூல் 1910இல் வெளிவந்தது.

பிற்கால வாழ்வு அத்துணைப் போற்றத்தக்கதன்று. முசோலினி 1935இல் எத்தியோப்பியா மீது தொடுத்த போரில் இத்தாலியப் படையின் மருத்துவ சேவைக்குத் தலைமை வகித்தார். அப்போரில் இத்தாலி நச்சு வாயுவைப் பயன்படுத்தியது. படையினரைத் தொற்றுநோயிலிருந்து காத்த அவரது திறமை, அந்த ஆக்கிரமிப்புக்கே துணைபோயிற்று. முடியாட்சி வீழ்ந்தபின் அரச குடும்பத்தைப் பின்தொடர்ந்து போர்த்துக்கல் சென்ற அவர், 1971இல் தமது 97ஆவது வயதில் லிஸ்பனில் காலமானார். பறங்கியரின் பெயர் தாங்கிய நோயை ஆராய்ந்தவர் அவர்களது தலைநகரிலேயே கண்மூடினார்.

அதற்குள் பெனிசிலின் ஊசி இந்நோயைப் பெரிதும் ஒடுக்கியிருந்தது. 2012இல் பப்புவா நியூகினியில் சிறுவரிடையே நடந்த ஆய்வொன்று, ஒரு வேளை அசித்ரோமைசின் உட்கொள்வதே அவ்வூசிக்கு ஈடாகும் என நிறுவியது. அச்சிறுவர்களுக்கு மருந்து கொடுக்கும் முன்னர் பெற்றோரின் சம்மதம் கேட்கப்பட்டது.