புறாவுக்கும் பாட்டு எழுதிய நம் ஊர்க்காரர்



பால்கனிக்கு வலை கட்டி நாம் விரட்டும் புறாவுக்காக, ஒருவர் பக்கம் பக்கமாகக் கவிதை எழுதியிருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அவர் வேறு யாருமல்ல, நம் பாவேந்தர் பாரதிதாசன்தான்.

கனக சுப்புரத்தினம் என்ற இயற்பெயருடன் 1891 ஏப்ரல் 29 அன்று புதுச்சேரியில் பிறந்தார். 1908-இல் இங்கு வந்த பாரதியாரிடம் கொண்ட பற்றால் பாரதிதாசன் ஆனார். 1909-இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தொடங்கிய ஆசிரியப் பணி, 1946 வரை 37 ஆண்டுகள் நீடித்தது.

புரட்சிக்கவி என்றதும் அவருடைய கொள்கை முழக்கம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் 1944-இல் வெளிவந்த 'அழகின் சிரிப்பு' நூலைப் புரட்டிப் பாருங்கள். தூரிகைக்குப் பதில் சொல்லால் தீட்டிய ஓவியங்கள் அவை. கடல், தென்றல், குன்றம், செந்தாமரை, ஆலமரம், கிளி, இருள் என மொத்தம் 16 தலைப்புகள். ஆற்றைப் பாடும்போது, முதலில் நீரற்ற மணல் வழியைக் காட்டுகிறார். பிறகுதான் வெள்ளம் வருகிறது. வில்லியனூரில் சங்கராபரணியை வெயிலிலும் மழையிலும் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அதே நூலில் 'சிற்றூர்', 'பட்டணம்' என்ற இரண்டு தலைப்புகள் அடுத்தடுத்து வருகின்றன. நம் கதையும் அதுதானே? நேற்றுச் சிற்றூராக இருந்த இடம், இன்று நமக்குப் பட்டணம். வயலும் ஏரியும் இன்னும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் நம்மில் எத்தனை பேர் நின்று பார்க்கிறோம்? பார்க்காத ஒன்று காணாமல் போனால், அது போனதுகூட நமக்குத் தெரியாது.

பாவேந்தர் 1964 ஏப்ரல் 21 அன்று சென்னையில் காலமானார். உடல் புதுச்சேரிக்கே கொண்டுவரப்பட்டது. 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு 1969-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது, மறைவுக்குப் பிறகு கிடைத்தது. பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். இதுவரை போகாதவர்கள் பிள்ளைகளுடன் ஒருமுறை போய் வாருங்கள்.

அதற்கு முன், வரும் ஞாயிறு காலை ஊசுடு ஏரிக்கோ பாகூர் ஏரிக்கோ ஒரு நடை போகலாம். கைபேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பார்த்ததைப் பிள்ளைகள் வரைந்தால், அந்தப் படத்தைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.