லயத்துப் பாட்டுக் கேட்ட சி.வி.

மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. கங்காணிக் குடும்பத்துப் பிள்ளை. ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர், ஆசிரியர், தொழிற்சங்கவாதி. 1947இல் தலவாக்கலை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். மறுவருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தோட்டத்து மக்களில் பெரும்பாலோர் நாடற்றவராயினர்.

ஆனால் லயத்துக் காம்பராக்களில் பாட்டு நிற்கவில்லை. பசியிலும் பிள்ளைக்குத் தாலாட்டு, கோயில் திருவிழாவில் கும்மி, இறந்தவருக்கு ஒப்பாரி. எதுவுமில்லாதவரிடம் இருந்த அந்த அன்பையும் நம்பிக்கையையும் சி.வி. செல்வமாக மதித்தார், அவர்களிடமே கேட்டு எழுதினார். 1983இல் அது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாயிற்று. அடுத்த வருடம் காலமானார்.

வார்டில் தோட்டத்து அம்மாமாரைப் பார்க்கையில், மருந்து எழுதுமுன் அவர்கள் சொல்வதைக் கடைசிவரை கேட்க என்னைப் பழக்கியவர் அவர்தான்.