வேதனையின் இரவிலும் ஒரு பாட்டு



எனக்கு ஆறு வருஷமாக இடுப்பு வலி. வியாதியஸ்தர் தலையில் கைவைத்து ஜெபிக்கிற நானே ராத்திரியில் புரண்டு படுக்க முடியாமல் தவிப்பேன். பாஸ்டருக்கே சுகம் கிடைக்கவில்லையே, விசுவாசம் குறைவோ என்று சிலர் பேசினது என் காதுக்கும் வந்தது. வலியைவிட அதுதான் அதிகமாய் வலித்தது.

அந்த நாட்களில் மார்ட்டின் லூத்தரின் சரித்திரத்தை மறுபடியும் வாசித்தேன். வேதாகமக் கல்லூரியில் 1517-ம் வருஷத்தையும் 95 வாக்கியங்களையும் பரீட்சைக்காகப் படித்தேனே தவிர, அவருடைய சரீரம் பட்ட பாட்டை நான் யோசித்ததே இல்லை.

1483-ல் ஜெர்மனியில் பிறந்த லூத்தர், 1503-ல் மாணவனாயிருந்தபோது, இடுப்பில் கட்டியிருந்த வாள் தவறுதலாகத் தொடையில் பாய்ந்தது. ரத்தம் நிற்காமல் சாகக் கிடந்தார். பிழைத்துப் படுக்கையில் இருந்த நாட்களில்தான் லூட் என்கிற தந்தி வாத்தியத்தை வாசிக்கப் பழகினார். பார்த்தீர்களா, வலியின் படுக்கையே அவருக்குப் பாட்டுப் பள்ளிக்கூடமாயிற்று!

1530-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் பேரரசனுக்கு முன்பாக விசுவாச அறிக்கை வாசிக்கப்பட்டபோது, லூத்தர் அங்கே போக முடியவில்லை. 1521-லேயே அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று தீர்த்திருந்தார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கோபர்க் கோட்டையில் தங்கினார். தகப்பனார் மரித்த செய்தி அங்கேதான் வந்தது. தலைவலியும், காதுக்குள்ளே இடி இடிக்கிற மாதிரி இரைச்சலும் சேர்ந்துகொண்டன. பல நாட்கள் வாசிக்கவோ எழுதவோ முடியவில்லை.

அப்போது அவர் என்ன செய்தார் தெரியுமா? 118-ம் சங்கீதத்தின் 17-ம் வசனத்தை, ராகக் குறிப்போடு சுவரில் எழுதிவைத்தார். அக்டோபரில், மியூனிக் அரண்மனை இசைக் கலைஞர் லூத்விக் சென்ஃப்லுக்குக் கடிதம் எழுதி, 4-ம் சங்கீதத்தின் கடைசி வசனத்துக்குரிய பாட்டைக் கேட்டார். அந்த அரண்மனைப் பிரபுக்களோ அவருக்கு விரோதிகள்! ஆனாலும் இசையை ஆதரிக்கிறார்களே என்று அவர்களைப் புகழ்ந்தே எழுதினார்.

1534-ல் மனச்சோர்வில் இருந்த மத்தியாஸ் வெல்லருக்கும், தாவீதையும் எலிசாவையும் ஞாபகப்படுத்தி, வாத்தியத்தை எடுத்து வாசித்துப் பாடும்படி புத்தி சொன்னார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 1537-ல் ஷ்மால்கால்டனில் சிறுநீரகக் கல் அடைத்து, ஒரு வாரத்துக்கும் மேலாக நீர் பிரியாமல் துடித்தார். வைத்தியர்களின் மருந்தையும் ஏற்றுக்கொண்டார். கடைசியில் வண்டியின் குலுக்கலில்தான் அடைப்பு திறந்தது. கல்லும் தலைவலியும் திரும்பத் திரும்ப வந்தன. 1546 பிப்ரவரி 18-ல் தேவனிடத்தில் சேருமட்டும் அவர் சரீரம் முழுசாய்ச் சுகப்படவில்லை. அதற்காக அவரை அவிசுவாசி என்று யார் சொல்லுவார்கள்?

பாட்டு கல்லைக் கரைக்காது, எலும்பை நேராக்காது. ஆனால் வலியையே பார்த்துக்கொண்டிருக்கிற மனசை வேறு பக்கம் திருப்பும். இறுகின சரீரத்தைத் தளர்த்தும். இன்றைக்கு ஆஸ்பத்திரிகளிலும் மருந்தோடுகூட இசையைக் கொடுக்கிறார்கள்.

இப்போதெல்லாம் ராத்திரி வலி வந்தால் மெதுவாய்ப் பாடுகிறேன். என் மனைவியும் கூடப் பாடுவாள். வலி போய்விடாது, ஆனால் அந்த இரவு கடந்துபோகும்.

தேவ பிள்ளையே, மாத்திரையை நிறுத்தாதே, ஜெபத்தையும் விடாதே. வலியோடு இருக்கிறவர்களைக் குற்றப்படுத்தாதே. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடு. ஆமென்.