விபுலானந்த அடிகளும் ஆணவ இருளும்

மட்டக்களப்பு நாட்டின் தென்பாலுள்ள கடற்கரையூராகிய காரைதீவிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் 1892ஆம் ஆண்டிற் புதல்வராய்த் தோன்றிய மயில்வாகனனாரே பின்னர் விபுலானந்த அடிகள் எனப் பெயர் பெற்றார். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகவும் 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் விளங்கினார்.

மிஷன் பாடசாலையிற் கற்ற எம்மனோர்க்குத் தீமை உலகிற் புகுந்த கதை மனப்பாடம். ஆதிமனிதன் கட்டளையை மீறினான். அப்பாவம் அவன் வழிவந்தார் எல்லாரையும் தொடர்ந்தது. மனிதன் தன் முயற்சியொன்றினாலே தூயனாகான், அருள் வேண்டும் என்னுமளவில் அக்கொள்கை நமக்கும் உடன்பாடே. ஆயினும் சித்தாந்தம் கூறுவது வேறு. ஆணவமலம் இறைவன் படைத்ததன்று. ஒருவன் செய்த பிழையால் வந்ததுமன்று. செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றி நிற்பது. பற்றியதேயன்றி உயிரின் இயல்பு அதுவன்று. ஆகவே களவுசெய்த மாணாக்கனைப் பிறவியிலேயே தீயனென்று தள்ளிவிடுதற்குச் சைவ உபாத்தியாயருக்கு நியாயமில்லை. (பிரம்பை முதலில் எடுத்து நூலைப் பின்னர் எடுப்பார் இதனைச் சிந்திப்பாராக.)

மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமையை விடுத்து 1922இற் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்த அவர், 1924இற் சிவானந்த சுவாமிகளிடம் துறவு பெற்றார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பன்னிரண்டை ஆராயும் அவரது மதங்கசூளாமணி 1926இல் வெளிவந்தது. காவியுடுத்தவர்க்கு ஆங்கில நாடகம் எதற்கு என்பாருமுளர். அவற்றுள் ஒன்றாகிய மாக்பெத் கதையை நோக்குக. நற்பெயர் பெற்ற படைத்தலைவன் ஒருவன், பதவியாசை மேலிட்டுத் தன் மனைக்கு விருந்தாய் வந்த அரசனைக் கொல்கின்றான். அக்கொலை நிலைபெற வேறு கொலைகளை நாடுகின்றான். ஆணவம் அறிவைப் படிப்படியாய் மறைக்குமாற்றை வகுப்பில் விளக்குதற்கு இதனினும் தெளிந்த உதாரணம் அரிது.

எனினும் அவ்விருளைப் பிறநாட்டார் கதையிற் காண்டல் எளிது. அடிகள் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியராய்ச் சென்றபோது, அயலிலுள்ள திருவேட்களச் சேரியிற் புகுந்து அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். திருநாளைப்போவாரை நாயனாரென்று கைகூப்பிக்கொண்டே, அவர் குலத்துக் குழந்தையைக் கோயில் வாயிலிலும் பாடசாலை வாயிலிலும் தடுத்தவர் புறச்சமயத்தாரல்லர், திருநீறணிந்த நாமே. மலம் பிறரிடத்து மாத்திரம் உள்ளதெனக் கருதுதலும் மலத்தின் செயலே என்பது எமது துணிபு.

துறவு தந்த குருவின் பெயரால் வாவிக்கரையை அடுத்த கல்லடி உப்போடையிலே 1929இற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியிருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். நெடுங்கால ஆராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆந் தேதி அடிகள் இறைவனடி சேர்ந்தார். அவர்தம் திருமேனி கல்லடியில், அவ்வித்தியாலயத்தின் அயலிலேயே அடக்கஞ்செய்யப்பட்டது.